நூறு கிராம் உயிர்

பிறந்த பூனைக்குட்டிக்குக் கண் மூடியிருக்கும். காது மடங்கித் தலையோடு ஒட்டியிருக்கும். நிற்கத் தெரியாது, குளிரில் நடுங்கத் தெரியாது, தாய் நக்கிவிடாமல் சிறுநீர் கழிக்கக்கூடத் தெரியாது. எடை ஏறக்குறைய நூறு கிராம், ஒரு தக்காளியின் கனம். இப்படிப்பட்ட ஒன்று நலமாக இருக்கிறதா, இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

கன்றுக்குட்டி என்றால் சிக்கல் இல்லை. பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து மடியைத் தேடிப் போய்விடும். எழாவிட்டால் ஏதோ கோளாறு என்று மாடு வைத்திருப்பவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூனைக்குட்டியிடம் அந்த வசதி கிடையாது. நலமான குட்டியும் படுத்தே கிடக்கும், சாகக் கிடக்கும் குட்டியும் படுத்தே கிடக்கும். கிருமித்தொற்றோ, பிறவிக் குறையோ, பால் பற்றாமையோ எதுவானாலும் அதற்குக் காட்டத் தெரிந்த அறிகுறிகள் சிலவே: பால் குடிப்பதை நிறுத்தும், உடல் குளிரும், கத்தும், பிறகு கத்துவதையும் நிறுத்தும். பால் மறக்கும் முன்பே 15 முதல் 30 விழுக்காடு வரையிலான குட்டிகள் இறந்துபோவதாகக் கால்நடை மருத்துவ நூல்கள் பொதுவாகக் கணக்கிடுகின்றன. அதில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே நடந்துவிடுகிறது.

ஆனாலும் இந்தச் சின்ன உடலைப் படிக்க முடியும். மூச்சு விடுகிறதா, சூடாக இருக்கிறதா, சப்புகிறதா என்ற மூன்று கேள்விகளை இந்த வரிசை மாறாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல மனம் படைத்தவர்கள் கையில் குட்டிகள் சாவதற்கு முக்கியக் காரணமே இந்த வரிசை தலைகீழாவதுதான். குட்டி சோர்ந்திருக்கிறது என்றதும் பாலைத் தேடி ஓடுகிறோம். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

ஐந்து அடையாளங்கள்

பிறந்த உயிருக்கு மதிப்பெண் போடும் வழக்கம் மனிதக் குழந்தையிடமிருந்து தொடங்கியது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் மருத்துவராக இருந்தவர் வர்ஜீனியா அப்கார். அந்தக் காலத்தில் பிரசவ அறையில் எல்லார் கண்ணும் தாயின் மேல்தான். குழந்தை அழுதால் சரி. அழாவிட்டால் ஆளுக்கு ஒன்றைச் செய்வார்கள். குழந்தையை எல்லாரும் ஒரே முறையில் பார்க்கட்டும் என்று 1952-இல் அப்கார் ஐந்து அடையாளங்களை வகுத்தார். மறு ஆண்டு அது அச்சில் வந்தது. இதயத் துடிப்பு, மூச்சு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசையின் முறுக்கு, உடலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 10. பிறந்த முதல் நிமிடத்தில் ஒருமுறை, ஐந்தாம் நிமிடத்தில் ஒருமுறை பார்ப்பார்கள். இன்று உலகெங்கும் பிரசவ அறைகளில் இந்த மதிப்பெண் போடப்படுகிறது.

கால்நடை மருத்துவர்கள் இதைத் தங்கள் நோயாளிகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். 2009-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நாய்க்குட்டிகளுக்கான அப்கார் அட்டவணையை வெளியிட்டார்கள். அதன்படி 7 முதல் 10 வரை வாங்கிய குட்டிக்குக் கவலையில்லை, 4 முதல் 6 வரை என்றால் உதவி தேவை, 3-ம் அதற்குக் கீழும் என்றால் உயிர் ஊசலாடுகிறது. இதே முறையைச் சற்று மாற்றிப் பூனைக்குட்டிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

மனிதக் குழந்தைக்கும் குட்டிக்கும் பெரிய வேறுபாடு இதயத் துடிப்பில்தான். நலமாகப் பிறந்த பூனைக்குட்டியின் இதயம் நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல் துடிக்கும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மார்பை மெதுவாகப் பிடித்தால் துடிப்பு விரல்நுனிக்குத் தெரியும், அதிர்வு போல. எண்ணுவது கடினம். ஆனால் ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியாக, நிதானமாக எண்ண முடிகிறது என்றால் அதுவே கெட்ட செய்தி. வளர்ந்த பூனையின் இதயம் தேவைப்பட்டால் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை இறைத்துச் சமாளிக்கும். பிறந்த குட்டியின் இதயத்துக்கு அந்தத் திறம் இன்னும் வரவில்லை. வேகம் குறைந்தால் ரத்த ஓட்டமே குறைந்துவிடும். வேகம் குறையக் காரணம் பெரும்பாலும் இதயக்கோளாறு அல்ல, பிராணவாயுப் பற்றாக்குறை. அதனால்தான் மருத்துவர்கள் இதயத்தைத் தூண்டும் மருந்தைத் தேடாமல் முதலில் மூச்சைச் சரிசெய்கிறார்கள். நுரையீரலுக்குக் காற்று போனால் இதயம் தானே வேகம் பிடிக்கும்.

முதல் மூச்சு

பூனையின் சினைக்காலம் 63 முதல் 65 நாள். இரண்டொரு நாள் முன்பின் ஆகலாம். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிய உதவும் வழவழப்பான பூச்சு கடைசி நாள்களில்தான் போதிய அளவு சுரக்கிறது. ஆகவே ஒரு வாரம் முந்திப் பிறந்த குட்டி, பார்க்க முழுமையாக இருந்தாலும், மூச்சுவிட முடியாமல் திணறும்.

ஒவ்வொரு குட்டியும் தனித்தனிப் பனிக்குடப் பைக்குள் வருகிறது. தனித்தனி நஞ்சுக்கொடியும் உண்டு. தாய் பையைக் கிழித்து, முகத்தை நக்கி, தொப்புள்கொடியைக் கடித்துவிடும். நக்குவது வெறும் துப்புரவு வேலை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சொரசொரப்பான நாக்கின் உரசல்தான் குட்டியை மூச்சு இழுக்கத் தூண்டுகிறது. முதல் ஈற்றுப் பூனை திகைத்து நின்றாலோ, அடுத்தடுத்துக் குட்டிகள் வந்து அதற்கு நேரம் இல்லாமல் போனாலோ, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நாம் இறங்கலாம். மூக்கருகே பையைக் கிழித்து விலக்கி, வாயிலும் மூக்கிலும் உள்ள நீரைத் துடைத்தெடுத்து, உலர்ந்த துண்டால் முதுகையும் விலாவையும் அழுத்தித் தேய்க்க வேண்டும். தலை உடலைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும்.

குட்டியைக் கையில் பிடித்துத் தலைகீழாக வீசி ஆட்டி நீரை வெளியேற்றும் பழக்கம் முன்பு மருத்துவர்களிடமே இருந்தது. இப்போது அதைக் கைவிடச் சொல்கிறார்கள். வீசும் வேகத்தில் மூளைக்குள் ரத்தம் கசியலாம். கை வழுக்கினால் சொல்லவே வேண்டாம். குழந்தைகளுக்கான மூக்குறிஞ்சி ரப்பர் குமிழ் போதும்.

தேய்த்தும் அசையவில்லை என்றால் உடனே கைவிட வேண்டாம். பிராணவாயு இல்லாத நிலையை வளர்ந்த பூனையைவிடப் பிறந்த குட்டி அதிக நேரம் தாங்கும். இதயம் துடிக்கும் வரை நம்பிக்கை உண்டு. பதினைந்து இருபது நிமிட முயற்சிக்குப் பின் கத்திய குட்டிகள் உண்டு. அறுவைச் சிகிச்சையில் பிறந்தவற்றுக்கு இந்தப் பொறுமை இன்னும் தேவை. தாய்க்குக் கொடுத்த மயக்க மருந்து குட்டிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்; அது தெளியும்வரை மதிப்பெண் குறைவாகவே இருக்கும். முதல் மதிப்பெண்ணைவிட, சில நிமிடங்கள் கழித்துப் போடும் மதிப்பெண் ஏறுகிறதா என்பதே முக்கியம்.

தொப்புள்கொடியைத் தாய் கடிக்கவில்லை என்றால் வயிற்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளிச் சுத்தமான நூலால் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்ட வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் தொப்புளில் குடலிறக்கம் வரலாம். நுனியை போவிடோன் அயோடினில் தோய்த்துவிட்டால் அந்த வாசல் வழியாகக் கிருமி நுழைவதைத் தடுக்கலாம்.

சூட்டுக்குப் பிறகே பால்

வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். முதல் வாரக் குட்டிக்கு 35 முதல் 37 டிகிரிதான். அதையும் அதனால் தனியாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. உடல் சிறியது, எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம், தோலுக்கடியில் கொழுப்பு சொற்பம், தசையை நடுக்கிச் சூடேற்றும் வித்தை இன்னும் வரவில்லை. கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அதை எரித்துச் சிறிது சூடு உண்டாக்கும். மீதியெல்லாம் தாயின் வயிறும் கூடப்பிறந்தவையும் தருவது. நனைந்த உடம்போடு மொசைக் தரையில் கிடக்கும் குட்டி சில நிமிடங்களிலேயே குளிர்ந்துவிடும்.

உடல் வெப்பம் 34 டிகிரி அளவுக்கு இறங்கினால் உள்ளே சங்கிலித் தொடராகப் பல நடக்கின்றன. இதயம் மெதுவாகும். சப்பும் உந்துதல் மறையும். குடல் அசைவை நிறுத்தும். இந்த நிலையில் இங்க் ஃபில்லராலோ சிரிஞ்சாலோ பாலை ஊற்றினால் அது செரிக்காது. வயிற்றிலேயே தங்கிப் புளித்து உப்பும்; எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும். பசியால் செத்தது என்று நாம் நினைக்கும் பல குட்டிகள், உண்மையில் குளிர்ந்த வயிற்றில் பால் போனதால் செத்தவை. குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சூடேற்றுவதிலும் அவசரம் ஆகாது. வேகமாகச் சூடு காட்டினால் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உள்ளுறுப்புகளுக்கு ரத்தம் குறையும். குட்டி மூச்சு வாங்கி நீரிழக்கும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும். மிதமான வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். நம் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டாலும் நடக்கும். பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் சூடு இருக்க வேண்டும். பிறந்த குட்டிக்கு நடக்கத் தெரியாது, ஆனால் வயிற்றால் ஊர்ந்து சூட்டை நோக்கிப் போகவும் சூட்டிலிருந்து விலகவும் தெரியும். முதல் வாரத்தில் குட்டிகள் படுக்கும் இடம் 30 முதல் 32 டிகிரி இருந்தால் நல்லது. தாய் கூடவே படுத்திருந்தால் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை.

நம் ஊரில் இந்தக் கணக்கு பருவத்தோடு மாறும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் பகல் நீளம் பெரிதாக மாறாததால் பூனைகள் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஈனுகின்றன. ஐப்பசி அடைமழையில், ஈரச்சுவர் ஓரத்தில் பிறந்தவற்றுக்குக் குளிர்தான் எமன். அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கூரைக்கடியில் பிறந்தவற்றுக்கு நேர்மாறு. அங்கே பல்பு போட்டுச் சூடு காட்டுவது கொலைக்குச் சமம். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது என்று பொருள். ஆளுக்கொரு மூலையில் விலகி, வாய் திறந்து கிடந்தால் புழுங்குகிறது. பக்கத்தில் பக்கம் ஒட்டி, அவ்வப்போது உடல் துள்ளத் தூங்கினால் எல்லாம் சரி. தூக்கத்தில் அப்படித் துள்ளுவதைப் பார்த்து வலிப்பு என்று பயப்பட வேண்டாம். முதல் வாரங்களில் அது நரம்புமண்டலம் ஒழுங்காக வளர்வதன் அடையாளம்.

பதினாறு மணி நேரம்

சூடான குட்டி பாலைத் தேடும். கண்ணும் காதும் மூடியிருக்க, மூக்கு ஒன்றுதான் வழிகாட்டி. இரண்டு மூன்று நாள்களில் பல குட்டிகள் தமக்கென ஒரு காம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு, மறுபடி மறுபடி அதற்கே வரும். தாய்ப்பூனைக்குப் பொதுவாக எட்டுக் காம்புகள், குட்டிகளோ நான்கைந்து. எனவே பெரும்பாலான வீடுகளில் பங்கீட்டுச் சண்டை பெரிதாக வருவதில்லை.

குட்டியின் தேடலை நாம் சோதித்துப் பார்க்கலாம். உள்ளங்கையைக் குழித்து அதன் முகத்தருகே வைத்தால், நலமான குட்டி தலையை அந்தக் குழிக்குள் முட்டித் திணிக்கும். இது தேடல் அனிச்சை. சுத்தமான சுண்டுவிரல் நுனியை வாய்க்குள் வைத்தால் நாக்கைக் குழாய்போல் வளைத்து அழுத்திச் சப்ப வேண்டும். இது சப்பல் அனிச்சை. மென்மையான துணிமேல் மல்லாக்கப் போட்டால் உடனே புரண்டு குப்புற வர வேண்டும். இது நிமிர்தல் அனிச்சை. உயரத்திலிருந்து விழும் பூனை காற்றிலேயே திரும்பி நாலு காலில் நிற்குமே, அந்தத் திறமை சில வாரங்கள் கழித்துத்தான் வரும். அதைச் சோதிக்கிறேன் என்று யாரும் குட்டியைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மூன்று அனிச்சைகளும் வலுவாக இருந்தால் பெரும்பாலும் குட்டி பிழைத்துக்கொள்ளும். மூன்றும் மந்தமாக இருந்தால் முதலில் வெப்பத்தைப் பாருங்கள்.

முதல் பாலுக்கு ஒரு கெடு உண்டு. பூனையின் கருவில் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போய்ச் சேரும் நோயெதிர்ப்புப் புரதங்கள் மிகக் குறைவு. பெரும்பகுதி சீம்பால் வழியாகத்தான் வருகிறது. அந்தப் பெரிய புரதங்களைச் சிதைக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடும் வாசல் குடலில் திறந்திருப்பது ஏறக்குறைய முதல் 16 மணி நேரம்தான். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல பால் குடித்தாலும் அது உணவு, கவசம் ஆகாது. இரவில் பிறந்த குட்டி மறுநாள் மதியம்வரை வாயே வைக்கவில்லை என்றால் அது இழந்தது இரண்டு வேளைப் பால் மட்டுமல்ல.

அபூர்வமாக இதே சீம்பால் விஷமாவதும் உண்டு. பூனைகளில் முக்கிய ரத்த வகைகள் ஏ, பி, ஏபி. பி வகைப் பூனையின் ரத்தத்தில், ஏ வகைச் சிவப்பணுக்களைத் தாக்கும் வலுவான எதிர்ப்பொருள் இயல்பாகவே அமைந்திருக்கிறது. பி வகைத் தாய்க்கும் ஏ வகைத் தந்தைக்கும் பிறந்த ஏ வகைக் குட்டி, பிறக்கும்போது கொழுகொழுவென்று இருக்கும். அப்கார் மதிப்பெண் பத்துக்குப் பத்து வாங்கும். சீம்பால் குடித்த சில மணி நேரம் முதல் சில நாள்களுக்குள் சிறுநீர் கருஞ்சிவப்பாகும், ஈறு மஞ்சளாகும், குட்டி துவண்டு இறக்கும். பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு வால்நுனி கருகி உதிரும். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், டெவன் ரெக்ஸ் போன்ற இனங்களில் பி வகை கணிசமாக உண்டு, சயாமியப் பூனையில் அநேகமாக இல்லை. இனப்பூனைகளை இணைசேர்ப்பவர்கள் முன்கூட்டியே ரத்த வகை பார்த்துவிட்டால், தேவைப்படும்போது முதல் ஒரு நாள் மட்டும் குட்டிகளைத் தாயின் பாலிலிருந்து பிரித்து மாற்றுப்பால் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். பிறந்த நிமிடத்தில் போட்ட முழு மதிப்பெண்ணை நம்பி அதோடு பரிசோதனையை முடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

வாயிலிருந்து வால்வரை

குட்டி உலர்ந்து, சூடாகி, ஒருமுறை பால் குடித்த பிறகு உடலைப் பார்க்கலாம். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தாயின் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரு குட்டிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

முதலில் வாய். கீழ்த்தாடையை மெல்ல இறக்கி, டார்ச் ஒளியில் மேல் அண்ணத்தைப் பார்க்க வேண்டும். நடுவே பிளவு இருந்தால் குட்டியால் வாய்க்குள் உறிஞ்சும் அழுத்தத்தை உண்டாக்க முடியாது. குடித்த பால் மூக்கில் நுரைத்து வரும். அண்ணப்பிளவு மரபால் வரலாம். சினையாக இருந்த தாய்க்குப் படர்தாமரைக்கான கிரிசியோஃபல்வின் மாத்திரை கொடுத்திருந்தாலும் வரலாம். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். நீலம் பிராணவாயுக் குறையையும், வெளிறல் ரத்தக்குறையையும், மஞ்சள் சிவப்பணுச் சிதைவையும் காட்டும். விரலில் பிசுக்கென்று ஒட்டினால் நீரிழப்பு.

நீரிழப்பை அறியத் தோலைக் கிள்ளிப் பார்க்கும் வழி பெரிய பூனைக்குச் சரி, பிறந்த குட்டியிடம் ஏமாற்றும். ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்ல ஒற்றினால் சிறுநீர் வரும். அது ஏறக்குறைய நிறமற்று இருக்க வேண்டும். குட்டியின் சிறுநீரகத்துக்குச் சிறுநீரைச் செறிவாக்கும் திறம் இன்னும் வரவில்லை. அப்படியிருந்தும் மஞ்சளாக வருகிறது என்றால் உடலில் நீர் மிகவும் குறைந்துவிட்டது.

அடுத்து மண்டை, உச்சியில் பெரிய மென்பகுதி புடைத்திருந்தால் மூளையில் நீர்க்கோவை இருக்கலாம். மார்பு தட்டையாக அமுங்கியிருக்கிறதா பார்க்க வேண்டும். தொப்புள் உலர்ந்திருக்க வேண்டும், சிவந்து வீங்கி நாற்றம் வந்தால் தொற்று. வாலைத் தூக்கி ஆசனவாய்த் துளை இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும். துளையில்லாமல் பிறக்கும் குட்டியும் முதல் நாளில் நன்றாகவே குடிக்கும். வயிறு உப்பிய பிறகுதான் தெரியவரும். கால்விரல் கூடுதலாக இருந்தால் பயமில்லை, அது மரபு விளையாட்டு.

இந்தப் பரிசோதனையில் அகப்படாதவையும் உண்டு. தாய்க்குச் சினைக்காலத்தில் பார்வோ இனத்தைச் சேர்ந்த பூனை வைரஸ் தொற்றியிருந்தால் குட்டியின் சிறுமூளை சரியாக வளராது. பிறந்தபோது எதுவும் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் நடக்கத் தொடங்கும்போதுதான் தள்ளாட்டம் வெளிப்படும்.

தராசு சொல்வது

இந்த வேலைக்கு வீட்டில் இருக்க வேண்டிய மிகச் சிறந்த கருவி ஸ்டெதாஸ்கோப் அல்ல. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு. அதன்மேல் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் சிறு துணி, எண்ணைச் சுழியாக்கிக் குட்டியை உள்ளே வைக்க வேண்டும்.

பிறப்பு எடை 90 முதல் 110 கிராம் வரை இருந்தால் நன்று. இனத்தைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். 80 கிராமுக்குக் கீழே என்றால் ஆபத்து அதிகம். அப்படிப்பட்ட குட்டியைப் பிறந்த நாளிலிருந்தே தனிக் கவனத்தில் வைக்க வேண்டும். ஆனால் ஒரு நாளின் எடையைவிட நாளுக்கு நாள் அது போகும் திசைதான் பேசும். முதல் நாளில் சில கிராம் குறைந்தாலும் பொறுக்கலாம். அதன்பின் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். இரண்டாம் வார முடிவுக்குள் பிறப்பு எடை இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனம், குறைந்தால் மருத்துவர். பால் குடிப்பதுபோல் காம்பில் தொங்கிக்கொண்டே பட்டினி கிடக்கும் குட்டிகள் உண்டு. கண்ணை அவை ஏமாற்றும், தராசை ஏமாற்ற முடியாது. கண்ணுக்குத் தெரியும்படி குட்டி வாடுவதற்கு ஒரு நாள் முன்பே எடை நின்றுவிடுகிறது. அந்த ஒரு நாள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து, தாளில் எழுதி வையுங்கள். ஒரே நிறக் குட்டிகளைப் பிரித்தறியக் கழுத்தில் நூல் கட்ட வேண்டாம், இறுக்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இடத்தில் துளி ரோமம் கத்தரித்தால் போதும். பின்தங்கிய குட்டியை, மற்றவை தூங்கும்போது பத்து நிமிடம் முன்னதாகக் காம்பில் விட்டுப் பாருங்கள். பல நேரம் அதுவே வைத்தியம். வெளிப்பால் கொடுத்தே தீர வேண்டும் என்றால் பூனைக்குட்டிகளுக்கென விற்கும் மாற்றுப்பால்தான் சரி. பசும்பாலில் உள்ள புரதம் பூனைப்பாலில் உள்ளதில் பாதியளவே. குட்டி வயிறு நிறையக் குடித்தும் வளராது, பேதியும் போகும். புகட்டும்போது குட்டி தாயிடம் குடிப்பதுபோல் குப்புற இருக்க வேண்டும். குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போகும்.

தாயையும் பாருங்கள்

நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் அலைபவரைக் ‘குட்டி போட்ட பூனை மாதிரி’ என்போம். அந்த அலைச்சலுக்குக் காரணம் உண்டு. ஆள்நடமாட்டம், வெளிச்சம், நாய்க்குரைப்பு, அந்நிய வாசனை எது உறுத்தினாலும் தாய் குட்டிகளை இடம் மாற்றும். பிடரியைக் கவ்வியதும் குட்டி கைகால் மடக்கித் துவண்டு கொடுக்கும். அப்படி அசையாதிருந்தால்தான் தாயால் பத்திரமாகத் தூக்கிப் போக முடியும். வைணவத்தில் மார்ஜார நியாயம் என்று சரணாகதிக்கு எடுத்துக்காட்டும் காட்சி இதுதான். மனிதர் தொட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பது வளர்ப்புப் பூனையைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மையில்லை. தொடுவதைவிடக் கூட்டம் கூடுவதுதான் அதை விரட்டுகிறது.

தாய் ஒரே ஒரு குட்டியை மட்டும் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தால் அந்தக் குட்டியைத் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் குளிர்ந்திருக்கும். தாய் பாலூட்ட மறுத்தால் அதன் மடியைப் பாருங்கள். ஒரு காம்பைச் சுற்றிச் சிவந்து, கட்டியாகிச் சுட்டால் மடிநோய். பிறப்புறுப்பிலிருந்து நாற்றத்துடன் சீழ் வடிந்தால் கருப்பையில் தொற்று. அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். முகம் தட்டையான பாரசீகப் பூனைகளில் இந்தச் சிக்கல் அதிகம்.

குட்டியின் நலம் சினைக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. டாரின் என்ற சத்து பூனையின் உடலில் போதிய அளவு தயாராவதில்லை. மீன், இறைச்சி வழியாகத்தான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்று 1975-இலும், இதயத்தசை தளரும் என்று 1987-இலும் ஆய்வுகள் காட்டின. சினைப்பூனைக்கு அது குறைந்தால் கருக்கள் கரையும். பிறப்பவை எடை குறைந்து பிறக்கும். தயிர்சாதமும் பாலும் தின்று வளரும் பூனை போடும் குட்டிகள் மெலிந்திருந்தால் வியப்பில்லை.

தெருவில் கண்டால்

இதையெல்லாம் படித்தவர் அடுத்த முறை படிக்கட்டின் கீழோ, பைக் ஷெட்டிலோ தனியாகக் கிடக்கும் குட்டிகளைப் பார்த்தால் உடனே அள்ளிக்கொண்டு வரத் தோன்றும். பொறுங்கள். இரை தேடத் தாய் ஒன்றிரண்டு மணி நேரம் போயிருக்கலாம். இடம் மாற்றும் வேலையில் பாதியில் இருக்கலாம். தள்ளி நின்று பாருங்கள். வயிறு உருண்டு, உடல் சூடாக, சத்தமில்லாமல் தூங்கும் குட்டிகளுக்குத் தாய் இருக்கிறது. அவற்றை அங்கேயே விட்டுவிடுவதுதான் உதவி. எறும்பு மொய்த்தாலோ, மழையில் நனைந்தாலோ, தொட்டால் ஜில்லென்று இருந்து விடாமல் கத்தினாலோ மட்டும் எடுங்கள். எடுத்ததும் துடைத்துச் சூடாக்குங்கள், பிறகு நிறுத்துப் பாருங்கள், அதன்பின் மருத்துவரைக் கேட்டுப் பால் கொடுங்கள். சீறும் தாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில குட்டிகள் இறக்கும். கண்ணுக்குத் தெரியாத உறுப்புக்குறையோடு பிறந்தவற்றை எந்தச் சூடும் பாலும் மீட்காது. ஆனால் வெறும் குளிராலும், தவறான வேளையில் புகட்டிய பாலாலும், யாரும் நிறுத்துப் பார்க்காததாலும் சாகும் குட்டிகளின் கதை வேறு. ஒரு துண்டு, ஒரு வெந்நீர் பாட்டில், ஒரு தராசு இருந்தால் அவற்றில் பல பிழைக்கும். உங்கள் வீட்டுப் பூனை சினையாக இருந்தால் இந்த மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள்.